2008க்கு முன்னால் பிறந்தவர்கள் கொஞ்சம் படியுங்கள்

2007இல் எங்கள் பெரியப்பா மகன் துபாய் போவதற்காகத் திருச்சியில் மெடிக்கல் எடுத்தார். ஏஜென்ட்டுக்குப் பாதிப் பணம் கட்டியாயிற்று, புதுப் பெட்டிகூட வாங்கியாயிற்று. ரிசல்ட் 'அன்ஃபிட்'. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், அதாவது ஈரலைத் தாக்கும் வைரஸ் ரத்தத்தில் இருக்கிறது. மனுஷனுக்கு ஒரு நோவும் கிடையாது, அன்று விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார். வளைகுடாவுக்கு மெடிக்கல் எடுத்தவர்களுக்குத் தெரியும், இதில் சிக்கினால் விசா அவ்வளவுதான். துபாய் போனது போக, ஊரில் 'காமாலைக்காரன்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார். தட்டில் ஒட்டிக்கொண்டு வருகிற நோயா இது? ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு, இப்படித்தான் பரவும். தண்ணீரால் வருகிற மஞ்சள் காமாலை வேறு வைரஸ். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பேர், ஒரே பயம்.

அண்ணனின் மகன் 2009இல் பிறந்தவன். போன மாதம் வீட்டோடு ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். பையனுக்கு நெகடிவ். அண்ணன் அந்த ரிப்போர்ட்டை நாலு தடவை படித்தார். பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவனைக் குறை சொல்லவில்லை. பிறந்த அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் தொடையில் இந்த வைரஸைத் தடுக்கும் ஒரு ஊசி, அப்புறம் 6, 10, 14 வாரங்களில் மூன்று. அவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? ஆனால் அந்த முதல் 24 மணி நேர ஊசிதான் முக்கியம். பிறக்கும்போதே இந்த வைரஸ் தொற்றினால் 100 குழந்தைகளில் 90 பேருக்கு அது நாள்பட்ட தொற்றாக உடம்பில் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அப்படித் தங்கும். தங்கியது இருபது முப்பது வருஷம் சத்தமே போடாது. பிறகு ஈரல் சுருக்கம், ஈரல் புற்றுநோய் என்று வந்து நிற்கும்.

இதை நாட்டளவில் முதலில் செய்து காட்டியது தைவான். 1984 ஜூலையில், வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். 1986இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும். தைபேயில் 1984இல் 15 வயதுக்குட்பட்டவர்களில் கிட்டத்தட்ட 10 சதவீதம் பேரிடம் இந்த வைரஸ் இருந்தது. பத்து வருஷத்தில் அது 1.3 சதவீதம். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோயும் ஏறக்குறைய பாதியானது. புற்றுநோயைத் தடுக்க ஊசியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் தைவான்தான்.

நாம்? 2002இல் சில இடங்களில் வெள்ளோட்டம். 2007-08இல் தமிழ்நாடு உட்பட பத்து மாநிலங்கள். நாடு முழுக்க வர 2011 ஆயிற்று. ஊசி விலை அதிகம் என்பது ஆரம்பத்தில் உண்மையான காரணம்தான். ஆனால் 1997இலேயே ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டு ஊசியைக் கொண்டுவந்து விலையை இறக்கிவிட்டது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஏன் என்பதுதான் என் கோபம்.

அந்தப் பத்து வருஷத்தில் ஊசி இருந்தது, காசு இருந்தவனுக்கு. நான் பதினொன்றாவது படிக்கும்போது பள்ளியில் 'காமாலை ஊசி முகாம்' போட்டார்கள். காசு கட்டியவர்கள் ஒரு வரிசை. கட்டாதவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்பா முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துப் போட வேண்டிய மூன்றாவதுக்கு முகாம்காரர்கள் வரவே இல்லை. ஆக நான் முக்கால் கிணறு தாண்டிய ஆள். போன வருஷம்தான் மிச்சத்தைப் போட்டுக்கொண்டேன்.

அண்ணனுக்கு ஊர் சொன்ன வைத்தியம் கீழாநெல்லி. சிரிக்காதீர்கள், 1988இல் சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கோடு சேர்ந்தே அதைச் சோதித்து, பலன் தெரிகிறது என்று 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அது நிலைக்கவில்லை. அண்ணன் மூன்று வருஷம் அரைத்துக் குடித்தார். இப்போது அரசு ஆஸ்பத்திரி மாத்திரை, 2018இல் வந்த தேசியத் திட்டத்தில் இலவசம்.

ஆக 2008க்குப் பிறகு பிறந்தவர்களை ஓரளவு காப்பாற்றிவிட்டோம். அதற்கு முன் பிறந்து இன்று இருபதுகளில், முப்பதுகளில் இருப்பவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இவர்கள்தான் இப்போது கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பச்சை குத்திக்கொள்கிறார்கள், வெளிநாட்டுக்கு மெடிக்கல் எடுக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையில் சாதிச் சான்றிதழ் முதல் எல்லாம் கேட்கிறோம், ஒரு ரத்தச் சோதனையும் மூன்று ஊசியும் அங்கேயே இலவசமாகக் கொடுத்தால் என்ன? பாசிட்டிவ் என்று வந்தால் வேலையோ சீட்டோ பறிபோகாது என்ற உத்தரவாதத்தோடு. அது இல்லாமல் எவன் கை நீட்டுவான்?

சித்தி மகளுக்கு 24 வயது. நர்சிங் முடித்து வேலைக்குச் சேரப் போன இடத்தில்தான் முதல் முறையாக இந்த ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நேற்று போட்டுவிட்டு வந்தாள், கை வலிக்கிறது என்கிறாள். அடுத்தது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாம் மாதம். இரண்டு தேதியையும் என் போனில் குறித்துவைத்திருக்கிறேன்.