மலேசிய வளாகத்தில் படித்தால் ஆஸ்திரேலிய வேலை விசா கிடைக்குமா?
"ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்கு மலேசியாவில் உள்ள வளாகத்தில் சேர்ந்தாலே போதும், முடித்ததும் ஆஸ்திரேலியாவில் வேலை விசா கிடைத்துவிடும்" என்று சிலர் சொல்வது தவறுங்க, தயவுசெய்து இதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். பட்டம் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான், அதில் குறையே இல்லை. ஆனால் விசா என்பது பட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து மட்டும் தருவதில்லை, எந்த மண்ணில் உட்கார்ந்து படித்தீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள். படிப்பு முடித்தவர்களுக்கான 485 விசாவுக்கு, குறைந்தது இரண்டு கல்வியாண்டு அளவுள்ள படிப்பை, 16 மாதங்களுக்குக் குறையாமல் ஆஸ்திரேலியாவிலேயே இருந்து படித்திருக்க வேண்டும். மலேசியாவில் படிக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது மலேசிய மாணவர் அனுமதி, அந்த நாட்கள் இந்தக் கணக்கில் வராது. நடுவில் ஒரு செமஸ்டர் மெல்போர்ன் போய் வந்தாலும் பத்தாது. செலவு குறைவு என்பதற்காக மலேசியா போகிறீர்கள் என்றால் சரி, தாராளமாகப் போங்கள்.