கண்புரை அவர்களுக்கு, அவசரச் சிகிச்சை நமக்கு

என் மனைவிக்கு வலது முழங்கால் தேய்ந்து மூன்று வருடம் ஆகிறது. நாகர்கோவிலில் செவிலியர் படிப்பு முடித்து 2002-இல் இங்கிலாந்துக்கு வந்தவள். அன்றிலிருந்து அரசு மருத்துவமனை வார்டுகளில் நின்றே காலம் தள்ளியவள். முழங்காலை மாற்றத்தான் வேண்டும் என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனையில் வரிசை நீளம், அதனால் என்.எச்.எஸ். (இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை) செலவிலேயே பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனையில் செய்துகொள்ளலாம் என்று ஒரு கடிதம் வந்தது. போனோம். வரவேற்பறையில் கம்பளம், காபி இயந்திரம், அன்றைய செய்தித்தாள். முன்பரிசோதனை செய்த செவிலியர் நிறையக் கேட்டார், ஆனால் முடிவு இரண்டு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. சர்க்கரை உண்டா? உண்டு, இன்சுலின் போடுகிறாள். தூக்கத்தில் மூச்சுத் தடைக்குக் கருவி வைத்துக்கொள்கிறீர்களா? ஆமாம். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, நீங்கள் எங்கள் நிபந்தனைகளுக்குள் வரவில்லை, இங்கே தீவிரச் சிகிச்சைப் பிரிவு கிடையாது என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். மறுபடியும் அரசு மருத்துவமனை வரிசைக்கே வந்து சேர்ந்தோம்.

திரும்பும் வழியில் நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "அவர் செய்தது சரிதான். ஐ.சி.யூ. இல்லாத இடத்தில் என்னைப் போன்ற ஆளைத் தொடக் கூடாது" என்றாள். அவள் சொன்னது மருத்துவ ரீதியாகச் சரி. என் கோபம் அந்த அம்மாவின் மேல் இல்லை என்று எனக்கும் அப்போதே தெரியும். யார் மேல் என்று யோசித்ததில் வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தொன்பது வருடம் ஒரு அரசு மருத்துவமனையில் கோடிங் பிரிவில் இருந்தவன். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு எங்களிடம் வரும். என்ன நோய், என்ன அறுவை, கூடவே என்னென்ன தொல்லைகள் என்று எல்லாவற்றையும் குறியீடுகளாக மாற்றுவோம். அந்தக் குறியீட்டை வைத்துத்தான் மருத்துவமனைக்குப் பணம் வரும். 2003-க்குப் பிறகு படிப்படியாக வந்த முறை இது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தேசியக் கட்டணம், அது நாடு முழுவதும் ஆகும் செலவின் சராசரியை வைத்துப் போடப்படுவது. இந்த 'சராசரி' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சிக்கலான நோயாளிக்குக் கூடுதல் கட்டணம் தரும் பிரிவுகள் உண்டு. ஆனால் ஒரே பிரிவுக்குள்ளேயே இரண்டாம் நாள் நடந்து வீட்டுக்குப் போகிறவரும் உண்டு, இருபது நாள் படுத்துக்கிடப்பவரும் உண்டு. முதல் வகை ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளும் இடத்துக்குச் சராசரிக் கட்டணம் லாபம். இரண்டாம் வகை ஆளும் வந்து சேரும் இடத்துக்கு அதே கட்டணம் பற்றாக்குறை. இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம். சந்தையில் நல்ல தக்காளியைப் பொறுக்க விட்டுவிட்டு, கூடை முழுவதையும் வாங்கியவனுக்கும் கிலோவுக்கு அதே விலை போட்டால் என்ன ஆகுமோ, அதுதான்.

அதனால் என்.எச்.எஸ். சீர்திருத்தம் ஒன்று அறிவிக்கப்படும்போதெல்லாம் தனியார் மருத்துவமனைக் குழுமங்கள் விடும் 'வரவேற்கிறோம்' அறிக்கைகளை நான் படிப்பதே இல்லை. நான் தேடுவது இரண்டே இரண்டு. யாரை ஏற்க மாட்டோம் என்ற நிபந்தனை எங்கே இருக்கிறது? கணக்கு தப்பினால் வெளியேறும் கதவு எங்கே இருக்கிறது?

இரண்டாவதற்கு ஹின்ச்சிங்புரூக்கைவிடப் பாடம் வேண்டாம். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஹன்டிங்டன் ஊர் ஓரத்தில் இருக்கும் நடுத்தர மருத்துவமனை அது. சுமார் 4 கோடி பவுண்டு கடனில் மூழ்கியிருந்தது. அதை நடத்த வெளியாளைத் தேடும் ஏலம் தொழிற்கட்சி ஆட்சியிலேயே தொடங்கிவிட்டது. கையெழுத்தானது கன்சர்வேட்டிவ் கூட்டணி ஆட்சியில், 2011 நவம்பரில். யார் செய்தது என்று இரண்டு கட்சிகளும் பிறகு ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டது தனி நகைச்சுவை. 2012 பிப்ரவரியில் சர்க்கிள் என்ற நிறுவனம் பொறுப்பேற்றது. என்.எச்.எஸ். மருத்துவமனை ஒன்றை முழுதாக நடத்தப்போகும் முதல் தனியார் நிறுவனம் என்பதால் பெரிய செய்தி. பத்து வருட ஒப்பந்தம். அந்தப் பத்து வருடத்தில் 31 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சம்பிடிப்போம் என்றார்கள்.

அது அப்போதைய சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லியின் சீர்திருத்தக் காலம் என்பதை நினைவில் வையுங்கள். என்.எச்.எஸ்.ஸில் மேலிருந்து திணிக்கும் மாற்றங்களை நிறுத்துவோம் என்று 2010 மே மாதம் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதினார்கள். ஜூலையிலேயே லான்ஸ்லியின் மாற்றங்களை அறிவிக்கும் வெள்ளை அறிக்கை வந்தது. விண்வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவுக்குப் பெரிய மாற்றம் என்று அப்போதைய என்.எச்.எஸ். தலைவரே சொன்னார். அந்த வாரத்தில் எங்கள் பிரிவில் நான்கு பேர் வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டது விண்வெளியிலிருந்து தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

சர்க்கிளைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஊழியர்களும் நிறுவனத்தின் பங்குதாரர்கள் என்பது அவர்களுடைய கொள்கை. வார்டில் ஏதாவது ஆபத்தாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். டொயோட்டா தொழிற்சாலையில் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்துவார்களே, அதைப் பார்த்து எடுத்தது. படிநிலை இறுகிய மருத்துவமனையில் கடைநிலை ஊழியர் அறுவை மருத்துவரைப் பார்த்து 'நிறுத்துங்கள்' என்று சொல்வதற்கு ஒரு வழி கிடைப்பது சாதாரண விஷயமில்லை. இதை என் மனைவியிடம் சொன்னபோது, எங்களுக்கும் ஒரு கயிறு கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றாள்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. நஷ்டத்தில் முதல் 50 லட்சம் பவுண்டு வரை சர்க்கிள் ஏற்கும், அதைத் தாண்டினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வெளியேறும் செலவோடு சேர்த்தாலும் மொத்தம் 70 லட்சத்தோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. ஆண்டுக்குப் பத்துக் கோடி பவுண்டு புழங்கும் மருத்துவமனைக்கு இது என்ன ஜாமீன்? பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டை நடத்துகிறேன் என்று வந்து, கூரை ஒழுகினால் ஒரு வாளி வரைக்கும் நான் பிடிப்பேன், அதற்கு மேல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற கதை. தேசியத் தணிக்கை அலுவலகம் 2012-லேயே இந்த வரியை எழுத்தில் காட்டியிருந்தது. யாரும் ஏமாற்றப்படவில்லை. எல்லாரும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

2015 ஜனவரி 9. சர்க்கிள் விலகுவதாக அறிவித்தது. நிதி சுமார் பத்து சதவீதம் வெட்டப்பட்டது, அவசரப் பிரிவுக்கு வருவோர் கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது, சிகிச்சை முடிந்த முதியவர்களை அனுப்பக் காப்பகங்களில் இடமில்லை என்று காரணங்கள் சொன்னார்கள். அதே நாளில், மருத்துவமனைகளைச் சோதித்துத் தரம் போடும் பராமரிப்புத் தர ஆணையத்தின் அறிக்கையும் வெளியானது. மருத்துவமனை 'போதாது' என்ற கடைசித் தரத்தில். நோயாளிகளிடம் பரிவு காட்டுவதில்கூட அந்தத் தரம். இங்கிலாந்தில் வேறு எந்த மருத்துவமனைக்கும் அதுவரை பரிவில் அப்படிக் கிடைத்ததில்லை. ஆய்வு நியாயமாக நடக்கவில்லை என்று சர்க்கிள் மறுத்தது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

எனக்கு உறுத்துவது அவர்கள் சொன்ன காரணங்கள். மூன்றும் உண்மை! அதே வருடம், அதே குளிர்காலம், எங்கள் மருத்துவமனையிலும் நடைபாதையில் ஸ்ட்ரெச்சர் வரிசை நின்றது. எங்களுக்கும் நிதி போதவில்லை. எங்கள் முதியவர்களுக்கும் காப்பகம் கிடைக்கவில்லை. ஒரே வித்தியாசம், 'இந்த நிபந்தனைகளில் இனி முடியாது' என்று எங்கள் மருத்துவமனையால் கடிதம் எழுத முடியாது. யாருக்கு எழுதுவது? ஹின்ச்சிங்புரூக் மறுபடி என்.எச்.எஸ். கைக்கே வந்து, 2017-இல் பீட்டர்பரோ மருத்துவமனை நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டது. பலமிழக்கும் காற்றுக்குமிழ்க் கான்கிரீட்டில் கட்டிய கட்டடம் என்பதால், மீண்டும் கட்டியே ஆக வேண்டிய ஏழு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. கூரையைத் தாங்க முட்டுக்கொடுப்பதும் இன்று அரசின் வேலைதான்.

சர்க்கிள் என்ன ஆனது? நன்றாகவே இருக்கிறது. 2020-இல் பி.எம்.ஐ. என்ற பெரிய குழுமத்தை வாங்கி, ஐம்பதை ஒட்டிய மருத்துவமனைகளோடு நாட்டின் பெரிய தனியார் குழுமங்களில் ஒன்றானது. பிறகு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான சென்டீன் கைக்குப் போனது. அங்கிருந்து அபுதாபியின் பியூர்ஹெல்த் கைக்கு. ஊழியர்களும் பங்குதாரர்கள் என்று தொடங்கிய கதை போய்ச் சேர்ந்த இடம் அது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. நிறுவனம் நிறுவனமாக நடந்துகொண்டது, அவ்வளவுதான். அரசு அரசாக நடந்துகொண்டதா என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஒரு நண்பர் வந்து, கொரோனா காலத்தில் தனியார் மருத்துவமனைகள் முழுவதையும் என்.எச்.எஸ்.ஸுக்குத் திறந்துவிடவில்லையா என்று கேட்பார். திறந்தார்கள். 2020 மார்ச்சில் 8,000 படுக்கைகள், 1,200-ஐ நெருங்கும் வென்டிலேட்டர்கள், கிட்டத்தட்ட 20,000 ஊழியர்கள் என்று ஒப்பந்தம் ஆனது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அப்போது பணம் நோயாளிக்கு இவ்வளவு என்ற கணக்கில் போகவில்லை, ஆன செலவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் போனது. ஒப்பந்தத்தை மாற்றினால் நடத்தையும் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி.

2003 வாக்கில் தனியார் சிகிச்சை மையங்களைக் கொண்டுவந்தபோது இன்னும் வேடிக்கை. முதல் சுற்று மையங்களுக்கு என்.எச்.எஸ். செலவைவிடச் சராசரியாகப் பதினொரு சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை உறுதி என்றார்கள். இதற்கு மறுப்புச் சொல்லும் குழுமம் உலகத்தில் எங்காவது உண்டா?

இப்போது அடுத்த சுற்று. 2023 செப்டம்பரில் காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. 2025 ஜனவரியில் தொழிற்கட்சியின் ஸ்டார்மர் அரசு தனியார் மருத்துவமனைகளோடு புதிய உடன்பாட்டை அறிவித்தது. 2029 மார்ச்சுக்குள் 92 சதவீதம் பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை என்பது இலக்கு. மார்ச்சிலேயே இன்னொரு வெடி: லான்ஸ்லியின் சீர்திருத்தச் சட்டம் பெற்றெடுத்த, என்.எச்.எஸ்.ஸை நிர்வகிக்கும் என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற அமைப்பையே கலைக்கிறோம் என்றார்கள். பன்னிரண்டு வயதில் அதன் முடிவு அறிவிக்கப்பட்டது. அந்தந்த வட்டாரத்தில் என்.எச்.எஸ். பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் வாரியங்களோ 2022-இல் பிறந்தவை. நிர்வாகச் செலவைப் பாதியாக்கு என்று மூன்று வயதிலேயே உத்தரவு. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு மட்டும் இந்த நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டமே வராது.

காத்திருப்பவர்களுக்குத் தனியாரிடம் இடம் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. வலியோடு இருப்பவருக்குக் கொள்கை பேசி என்ன பயன்? என் மனைவிக்கு அங்கே இடம் கிடைத்திருந்தால் மகிழ்ச்சியாகவே சேர்த்திருப்பேன். ஆனால் கண்புரையைப் பாருங்கள். என்.எச்.எஸ். பணத்தில் நடக்கும் கண்புரை அறுவைகளில் பாதிக்கும் மேல் இப்போது தனியார் மையங்களில்தான். விரைவாகவும் நன்றாகவும் செய்கிறார்கள். அதன் விளைவு வேறு இடத்தில் தெரிகிறது. அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் சிக்கலான கண்கள் மட்டும் மிஞ்சுகின்றன. பார்வையைத் திருடும் கண் அழுத்த நோய்க்கான பணமும் ஆளும் கண்புரைப் பக்கம் போய்விடுகின்றன. பயிற்சி மருத்துவர்கள் கை பழக எளிய அறுவைகள் இல்லை என்று கண் மருத்துவர்களின் ராயல் கல்லூரி சொல்லிக்கொண்டிருக்கிறது. நாட்டிங்ஹாமில் தோல் சிகிச்சையை நடத்தும் பொறுப்பு சர்க்கிளுக்குப் போனபோது, நிறுவனத்துக்கு மாற விரும்பாத மூத்த மருத்துவர்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள். கடைசியில் பெரியவர்களுக்கான அவசரத் தோல் சிகிச்சையே அந்த நகரத்தில் நின்றுபோனது. ஒரு மூலையை இழுத்தால் மறுமூலை கிழிகிற துணி இது.

ஆகவே என் கோரிக்கை எளிது. ஒப்பந்தம் போடுங்கள். அதில் நோயாளியைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகளை யார் எழுதுவது என்பதைக் குழுமத்திடம் விடாதீர்கள். திருப்பி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் காரணத்தையும் எண்ணிக்கையையும் வெளியிடச் சொல்லுங்கள். எளிய நோயாளியை மட்டும் எடுப்பவருக்குச் சராசரிக் கட்டணம் தராதீர்கள், அது எளிய கட்டணமாக இருக்கட்டும். அறுவைக்குப் பின் சிக்கலாகி ஆம்புலன்ஸில் அரசு ஐ.சி.யூ.வுக்கு வரும் நோயாளியின் பில்லை, அனுப்பியவர் கணக்கிலேயே எழுதுங்கள். அந்தக் குறியீட்டைப் போட எங்கள் பிரிவுக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

1948-இல் அப்போதைய சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் என்.எச்.எஸ்.ஸைத் தொடங்கியபோது, மூத்த மருத்துவர்கள் தனியார் தொழிலையும் வைத்துக்கொள்ள இடம் கொடுத்துத்தான் உள்ளே இழுத்தார். அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்தேன் என்று பின்னால் சொன்னதாகச் சொல்வார்கள். சமரசம் அன்றே உண்டு. ஆனால் அந்தத் தங்கத்துக்கு அவர் ஒன்றை வாங்கினார்: நாட்டின் மருத்துவமனைகள் கிட்டத்தட்ட அத்தனையும் அரசுக்கு வந்தன.

மனைவிக்குப் போன மாதம் அறுவை முடிந்தது. பதினான்கு மாதக் காத்திருப்பு. அவளோடு வேலை பார்க்கும் அதே ஊழியர்கள் புழங்கும் அரசு மருத்துவமனை, வழுவழுப்புப் போன லினோலியம் தரை, காபி இயந்திரம் பழுது. மூத்த மருத்துவர் பக்கத்தில் நிற்க, பயிற்சியில் இருக்கும் ஓர் இளம் மருத்துவர்தான் செய்தார். மறுநாள் கட்டைப் பார்க்க வந்தபோது, இந்த வருடத்தில் தனக்குக் கிடைத்த முழங்கால்கள் குறைவு, அதனால் உங்களுடையதை மறக்க மாட்டேன் என்று அவளிடம் சொன்னாராம். ஒரு இரவு ஐ.சி.யூ. பக்கத்திலேயே கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். இப்போது சமையலறை வரை தடியில்லாமல் நடக்கிறாள். மாடிப்படி மட்டும் இன்னும் ஒவ்வொன்றாக.