அழுத மனிதரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை எல்லாரும் கூடி, ஆங்கிலேயரை எதிர்த்த ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸைப் பற்றிய 'பிரேவ்ஹார்ட்' படம் பார்த்தபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த 18 நொடிக் காணொளியைக் குழுவில் ஏற்றி, அடியில் 'பிரேவ்ஹார்ட்: 22 பிழைகள்' என்று ஒரு பட்டியலும் போட்டு, அதற்கு இத்தனை சிரிப்பு முகங்கள் விழுந்த பிறகும் பேசாமல் இருந்தால் எனக்கே என்னைப் பிடிக்காது. எந்த வீடு, யார் எடுத்தது என்று உள்பெட்டியில் வந்து கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும்.

காணொளியில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற பெரியவர் என் அப்பா. வாலஸ் சாகும்போது 'ஃப்ரீடம்' என்று கத்துகிற காட்சிக்கு அழுதுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்சி வரவே இல்லை, அதற்கு வெகு முன்னாலேயே படத்தை நிறுத்தியாயிற்று. அவர் அழுதது படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில். சின்னப் பையன் வாலஸ், அப்பாவையும் அண்ணனையும் புதைத்த குழிக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஒரு குட்டிப் பெண் திரும்பி வந்து, ஊதாப் பூ பூத்த முட்செடி ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். வசனம் கிடையாது. ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்கு அந்தக் கூடத்தில் இருந்த எல்லாரையும்விட நன்றாகப் புரிந்த காட்சி அதுதான். அவருடைய அப்பா போனபோது அவருக்கு ஒன்பது வயது.

அப்போதுதான் கூடத்தில் இருந்த ஒரு தம்பி சொன்னான்: "அங்கிள், அந்தப் பொண்ணு இருந்ததுக்கே ஆதாரம் கிடையாது."

கூடமே சிரித்தது. அப்பாவும் என்னவென்று புரியாமல் கூடச் சிரித்தார். இதைத் தட்டச்சு செய்யும்போதுகூட எனக்குத் தாங்கவில்லை.

தம்பி சொன்னது தப்பா? இல்லை, சரிதான். படத்தில் அந்தக் குட்டிப் பெண்தான் வளர்ந்து வாலஸின் மனைவியாகிறாள். அவள் கொலையுண்ட கதையெல்லாம் குருட்டு ஹாரி என்ற பாணரின் நெடும்பாட்டை ஒட்டி வளர்ந்தது. அவர் பாடியது வாலஸ் இறந்து ஏறக்குறைய 170 வருஷம் கழித்து. நான் பிழையைச் சொல்லாதே என்று சொல்லவில்லை. அழுகிற மனிதரின் முகத்துக்கு நேரே சிரிக்காதே என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் 22 என்ன, 220 பிழை கண்டுபிடித்தும் பிரயோசனமில்லை.

'அக்காவுக்கு வரலாறு தெரியாது, அதனால்தான் கோபம் வருகிறது' என்று ஒரு கருத்து பார்த்தேன். அடடா. ஆறு வருஷமாக ஸ்காட்லாந்தில், ஃபால்கிர்க்கில் குடியிருக்கிறேன். 1298 ஜூலை 22 அன்று வாலஸ் தோற்றுப்போனது இந்த ஊரில்தான். படத்தில் பாவாடை மாதிரி கட்டியிருக்கிறார்களே, அந்த உடை வர இன்னும் ஏறக்குறைய 300 வருஷம் இருந்தது. முகத்தில் நீலச் சாயம் பூசியது பழைய பிரிட்டானியர்கள். ரோமர் காலத்துக் கதை, ஆயிரம் வருஷம் தள்ளிப் பூசியிருக்கிறார்கள். வாலஸ் ஏழைக் குடியானவன் இல்லை, சிறு நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. ஆங்கில இளவரசனின் மனைவியாக வருகிற இசபெல்லாவுக்கு வாலஸோடு காதல், வயிற்றில் அவன் பிள்ளை என்று படம் சொல்கிறது. வாலஸ் லண்டனில் கொல்லப்பட்டது 1305 ஆகஸ்ட் 23. அப்போது இசபெல்லா பிரான்சில் ஒன்பது, பத்து வயதுச் சிறுமி. அவளுக்குக் கல்யாணமே 1308-இல்தான். மகன் பிறந்தது 1312-இல். ஏழு வருஷக் கர்ப்பம்! இதையெல்லாம் நானும் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களோடு சேர்ந்தே சிரித்திருக்கிறேன். ஆனால் அழுதுகொண்டிருந்த யாரையும் பார்த்து அல்ல.

அப்புறம் ஒன்று. 22 பிழைகளில் பாவாடை இருக்கிறது, சாயம் இருக்கிறது, குதிரைச் சேணம்கூட இருக்கிறது. ஆங்கில அரசன் எட்வர்ட் தன் மகனின் நண்பனை சன்னல் வழியே தூக்கி எறிகிற காட்சி மட்டும் இல்லை. இளவரசனைக் கேலிப்பொருளாக்கி, அந்தச் சாவையே நகைச்சுவை போல வைத்திருக்கிறார்கள். 1995-லேயே அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்பாளர் அமைப்புகள் இதை எதிர்த்துப் போராடின. படத்தைத் திட்ட வேண்டுமென்றால் நான் முதலில் திட்டுவது அதை. நம் பட்டியல்காரர்களுக்கு அது உறுத்தவே இல்லை. பாவாடையின் மடிப்புதான் உறுத்தியது.

'பொய்க் கதைக்கு உணர்ச்சிவசப்படுவது ஆபத்து, இப்படித்தான் இனவெறி வளர்கிறது' என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இருக்கலாம். 69 வயதில் மூட்டுவலித் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் இங்கிலாந்து மீது படையெடுக்கப் போவதில்லை. அடுத்தது.

'தம்பி விளையாட்டாகச் சொன்னான், பெரிதுபடுத்தாதீர்கள்.' விளையாட்டு என்றால் காணொளி எதற்கு? யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

இன்னொரு வேடிக்கை. இந்தக் காலகட்டத்தைப் பற்றி 2018-இல் 'அவுட்லா கிங்' என்ற படம் வந்தது. ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸின் கதை. அதிலும் கைவரிசை உண்டு, லவுடன் ஹில் போர்க்களத்துக்கு, அங்கே இல்லவே இல்லாத எட்வர்டின் மகனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் பாவாடை இல்லை, நீலச் சாயம் இல்லை. சேறு இருக்கிறது, கவசம் இருக்கிறது, 1304-இல் ஸ்டிர்லிங் கோட்டையை உடைக்க எட்வர்ட் செய்வித்த பெரிய கவண்பொறி இருக்கிறது. கோட்டைக்காரர்கள் சரணடைகிறோம் என்ற பிறகும், செய்த பொறியை ஒரு தடவையாவது பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏற்பேன் என்றானாம் எட்வர்ட். அது நிஜமாகவே நடந்தது. அந்தப் படம் வந்தபோது வரலாற்றுக் காவலர்கள் என்ன பேசினார்கள்? நாயகன் ஆடையில்லாமல் குளித்து எழுகிற சில நொடிகளைப் பற்றி. உலகம் முழுக்க அதே பேச்சு, நம் குழுவிலும் அதே பேச்சு. மிச்சத்துக்கு 'உணர்ச்சியே இல்லை, போரடிக்கிறது' என்று தீர்ப்பு. உணர்ச்சி இருந்தால் பொய் என்பீர்கள், பொய் குறைந்தால் போரடிக்கிறது என்பீர்கள். என்னதான் வேண்டும் உங்களுக்கு?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மிச்சப் படத்தைப் போட்டேன். அப்பாதான் கேட்டார், "அந்தப் பையன் என்னம்மா ஆனான்?" என்று. ஸ்டிர்லிங் பாலப் போர் வந்தது. மைதானம், ஈட்டி, குதிரை, ரத்தம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "இதுக்குப் பேர் பாலத்துச் சண்டைப்பா" என்றேன். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாலம் எங்க?"

நீங்கள் பட்டியலில் போட்ட அதே கேள்விதான். ஆனால் கேட்ட விதத்தைப் பாருங்கள். அவர் டெல்டாவில் முப்பது வருஷத்துக்கு மேல் பொதுப்பணித் துறை லஸ்கராக இருந்தவர். மதகு ஏற்றி இறக்கிக் கை காய்த்துப்போனவர். பாலம் என்று சொல்லிவிட்டுப் பாலத்தைக் காட்டாவிட்டால் அவருக்கு அன்று தூக்கம் வராது. நேற்று விடுப்புப் போட்டுவிட்டு ரயிலில் ஸ்டிர்லிங்குக்குக் கூட்டிப்போனேன்.

வாலஸ் நினைவுக் கோபுரத்துக்கு 246 படி. முட்டியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே காற்று ஆளைத் தள்ளியது. கீழே ஃபோர்த் ஆறு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. இப்போது இருக்கிற பழைய கல் பாலம் பிற்காலத்தது. 1297-இல் இருந்தது மரப்பாலம், ஆற்றின் மேல்போக்கில் கொஞ்சம் தள்ளி. அதில் இரண்டு குதிரைதான் ஒரே சமயத்தில் போக முடியும் என்று சொன்னேன். அப்பா கைப்பிடிச் சுவரில் விரலால் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

"இது வளைவு. உள்ளாற படுகை. சேறா இருக்கும்ல? இங்க வந்து சேர்ந்தவன் எங்கிட்டுப் போவான்? மூணு பக்கமும் ஆறு. பாலத்து வாயை அடைச்சாப் போதுமே."

வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான். ஆற்றின் மேல்போக்கில் ஆழமில்லாத துறை இருக்கிறது, குதிரையோடு சுற்றிப் போகிறேன் என்று ஒரு குதிரைவீரன் சொல்லியும் ஆங்கிலத் தளபதிகள் கேட்கவில்லை. கருவூலப் பொறுப்பாளர் கிரெசிங்ஹாமுக்கு நாள் வளர்ந்தால் செலவு வளருமே என்ற கவலை. பாதிப் படை கடந்ததும் பாலத்து முனையை ஸ்காட்டுகள் அடைத்தார்கள். கிரெசிங்ஹாம் அங்கேயே செத்தார், தோலை உரித்தார்கள் என்று பழைய குறிப்பு சொல்கிறது. "காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தானாக்கும்" என்றார் அப்பா. தன் மேலதிகாரிகளில் யாரை நினைத்துக்கொண்டாரோ.

உண்மையைச் சொல்கிறேன், அங்கே நின்றபோது எனக்கே படத்தின் மேல் கோபம் வந்தது. பாலத்தை எடுத்தது மட்டுமில்லை. அன்று வாலஸுக்குச் சமமாக நின்று படையை நடத்தியவர் ஆண்ட்ரூ மரே. வடக்கே எழுச்சியைக் கிளப்பியவரே அவர்தான். அந்தப் போரில் பட்ட காயத்தில் இறந்துபோனார் என்றுதான் நம்புகிறார்கள். மூன்று மணி நேரப் படம், ஐந்து ஆஸ்கார், மரே என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. சிலையானாலும் வாலஸுக்குத்தான். இதே கோபுரத்தின் வாகன நிறுத்தத்தில் மெல் கிப்சன் முகத்தோடு ஒரு வாலஸ் சிலை வைத்திருந்தார்கள், கேட்டிருக்கிறீர்களா? பிடிக்காதவர்கள் முகத்தை உடைத்தார்கள். கடைசியில் விடுதலை வீரரைப் பாதுகாக்கக் கூண்டு போட்டார்கள். படத்தின் மேல் கோபம் இருந்தவர்கள் சிலையைத்தான் அடித்தார்கள், அழுதவர்களை அடிக்கவில்லை.

இவ்வளவு நீளமாகத் தம்பியைத் திட்டுகிறேனே, சனிக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் சிரித்தேன். வாய்விட்டு இல்லை, லேசாக. இந்த ஊரில் இருக்கிற நான்கு தமிழ்க் குடும்பங்களோடு முகம் முறிந்துவிடக் கூடாது என்ற பயம். காணொளியில் 11-ஆவது நொடியில் ஓரமாகத் தெரிகிறது, போய்ப் பாருங்கள். உங்கள் பட்டியலைவிட அதுதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

இறங்கும்போது பாதையோரம் அந்த முட்செடி நின்றது. "பிரமதண்டு மாதிரியே இருக்கு, பூ மட்டும் ஊதா" என்று குனிந்து பார்த்தார். இந்த நாட்டுக்கு அதுதான் சின்னம் என்றேன். முள்ளையா வச்சாங்க என்று கேட்டுவிட்டு, பறிக்காமல் நிமிர்ந்தார்.

காணொளியை இன்றிரவுக்குள் எடுத்துவிடுங்கள். தம்பி, இது உனக்கு: ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடி ஸ்டிர்லிங் போக வேண்டும் என்கிறார், அந்த ஆழமில்லாத துறை எங்கே இருந்திருக்கும் என்று ஆற்றோரமாக நடந்து பார்க்கணுமாம். "விவரம் தெரிஞ்ச அந்தப் பையனையும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். எனக்கு இஷ்டமில்லை. பத்து மணிக்கு ரயில் நிலையத்துக்கு வந்துவிடு. டிக்கெட் உன் செலவு.