1.5 என்ற எண்ணை இயற்கை எழுதித் தரவில்லை

மதுரை, உசிலம்பட்டி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை பாதுகாப்பு. இது அறிவியல் சொன்னது, இதில் மனிதர்களின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை."

முதல் பாதியே அரைகுறை. இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500) இரண்டு எண்கள் உண்டு. ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீராதாரம் இல்லையென்றால் மட்டும் 1.5. 'வேறு வழியில்லை' என்பதை எந்த ஆய்வுக்கூடக் கருவி அளந்தது? வறண்ட ஊர்கள் தண்ணீரில்லாமல் தவிக்கக் கூடாது என்று மனிதர்கள் எடுத்த முடிவு அது. நியாயமான முடிவுதான், ஆனால் முடிவு. அமெரிக்காவில் சட்டப்படியான உச்ச வரம்பு 4.0. அவர்கள் பற்களும் நம் பற்களும் ஒரே பொருள்தானே!

உலக சுகாதார நிறுவனமும் 1.5ஐ வழிகாட்டியாகத்தான் தருகிறது. தட்பவெப்பம், மக்கள் குடிக்கும் தண்ணீரின் அளவு, உணவு வழியாகச் சேர்வது, இவற்றையெல்லாம் பார்த்து அந்தந்த நாடு முடிவு செய்யட்டும் என்கிறது. சித்திரை வெயிலில் கல் உடைப்பவர் குடிக்கும் தண்ணீரையும் குளிரூட்டிய அறையில் இருப்பவர் குடிப்பதையும் ஒன்றாக எண்ண முடியாது.

சரி, அப்படியானால் எல்லாமே அவரவர் கருத்தா? அதுவும் தவறு. போர்வெல் நீரில் 2.3 இருந்தால், யார் ஆட்சி என்றாலும் 2.3தான். அளவு கூடினால் பல்லில் கறை, இன்னும் கூடினால் எலும்புப் பாதிப்பு என்பதும் மாறாது. எந்த அளவு ஆபத்தை யார் தலையில் ஏற்றலாம் என்பதில்தான் மதிப்பீடு நுழைகிறது.

அதே செய்தியில் "கொதிக்க வைத்தால் போய்விடும்" என்றும் இருக்கிறது. போகாது, தண்ணீர் வற்ற வற்ற செறிவு கூடவே செய்யும்.