கல்வெட்டில் தோட்டத்தைக் காணவில்லை

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மண்டபத்தில், 31ஆம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு கல்வெட்டைத் தருவார்கள், இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம். அட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம், சிவபுராணம், கடைசியில் நன்றி நவிலல். நடுவில் ஒரு பக்கம் வாழ்க்கை வரலாறு. இறந்தவர் ஆசிரியர் என்றால் எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருசம் படிப்பித்தார் என்று இருக்கும். கந்தோரில் வேலை செய்தவர் என்றால் பதவியும் இளைப்பாறிய திகதியும் இருக்கும். தோட்டக்காரர் என்றால் "விவசாயத்தைத் தொழிலாகக் கொண்டு குடும்பத்தைச் சிறப்புற நடத்தினார்" என்று ஒரு வரி. ஐம்பது வருச உழைப்புக்கு அவ்வளவுதான்.

அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. தன் பிள்ளை மண்வெட்டி தொடக்கூடாது, படித்துக் கொழும்புக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தானே அந்த மனிசன் உழைத்தார். அப்பா என்ன வேலை செய்தார் என்பது பிள்ளைக்குத் தெரியாமல் போனதே அவருடைய வெற்றிதான். ஆனால் 31 நாளுக்குள் கேட்டு எழுதாவிட்டால் அது பேரப்பிள்ளைகளுக்கு ஒருநாளும் தெரியவராது.

யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காணி அளவு. ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச்சஸ், 16 பரப்பு ஓர் ஏக்கர். கொழும்பில் 10 பேர்ச்சஸில் ஒரு வீடு கட்டுகிறோம்; அவர் அதே அளவுத் துண்டுகள் ஆறோ எட்டோ வைத்துக்கொண்டு நாலைந்து பிள்ளைகளை ஆளாக்கியிருப்பார். அதிலும் பாதி குத்தகைக் காணியாக இருக்கும். எத்தனை பரப்பு சொந்தம், எத்தனை குத்தகை என்று எழுதினாலே அவர் எவ்வளவு நெருக்கடியில் நின்றார் என்பது விளங்கிவிடும்.

அடுத்தது இறைப்பு. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, எல்லாம் கிணறுதான். மெசின் வருவதற்கு முன் துலா. ஆடுகாலில் ஏற்றிய நீண்ட மரத்தில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கிணற்று வாயில் நிற்பவர் தண்ணி அள்ளும் பட்டையைப் பிடித்து ஊற்ற, மூன்றாவது ஆள் வாய்க்காலில் தண்ணி மாறுவார். விடியப்புறம் இருட்டில், பனி ஈரத்தில் கால் வழுக்கினால் விழுவது கிணற்றுக்குள். தனி ஆளால் முடியாத வேலை என்பதால் தம்பி, மச்சான், பக்கத்துத் தோட்டக்காரர் என்று ஒருவருக்கொருவர் கைமாற்றாக இறைத்தார்கள். பல கிணறுகள் பங்குக் கிணறுகள். இன்ன நாள் இன்னாருடைய முறை என்று இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முறையை விட்டால் பயிர் வாடும். நல்லநாள் பெருநாளிலும் அப்பா ஏன் வீட்டில் நிற்கவில்லை என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இந்த முறைதான் பதில்.

பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்தது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நேரம் மிச்சமானது, செலவு கூடியது. இன்னொன்றும் நடந்தது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. துலாவால் இறைத்து அதை வற்றவைக்க முடியாது, மெசினால் முடியும். கூட இழுத்தால் உவர் மேலே வரும். அளவோடு இறைத்து நிறுத்தினவருடைய கிணறு இன்றும் குடிக்க உதவும். உரத்தை அள்ளிக் கொட்டியதால் கெட்ட கிணறுகளும் வலிகாமத்தில் நிறைய. உங்கள் அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்பதை உள்ளபடியே எழுதுங்கள், அதனால் அவருக்கு மரியாதை குறையாது.

வெங்காயக் கணக்கும் எழுதவேண்டும். காயின் பருமனைப் பொறுத்துப் பரப்புக்கு 25 முதல் 40 கிலோ வரை விதைக்காய் வேண்டும். போன போகத்தில் கிண்டியதில் நல்லதைப் பிரித்துப் பிடி கட்டிக் கொட்டிலில் காற்றுப்படத் தொங்கவிடுவார்கள். நாலு விரல் இடைவெளியில் நட்டு, மூன்று நாலு நாளுக்கு ஒருக்கா இறைத்து, இரண்டு மாதம் தாண்ட, தாள் சாய்ந்ததும் இறைப்பை நிறுத்திக் கிண்டுவது. இடையில் தாள் முறுகுகிற நோய் வந்தால் பாத்தி பாத்தியாகப் போய்விடும். கிண்டுகிற நேரம் மழை பெய்தால் காய் அழுகும், பிடி கட்டிப் பிரயோசனமில்லை. நடுவதும் புல்லுப் பிடுங்குவதும் பிடி கட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆகவே அவருடைய வரலாற்றை எழுதும்போது அம்மாவை "இல்லத்தரசி" என்று முடித்துவிடாதீர்கள். அந்தத் தோட்டத்தில் பாதி அவருடைய முதுகு.

இதெல்லாம் யாரிடம் கேட்பது? முதலில் றங்குப் பெட்டியைத் திறவுங்கள். தோட்டக்காரர் நாட்குறிப்பு எழுதமாட்டார், ஆனால் காணி உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, கவனமாக வைத்திருப்பார். எந்த வருசம் எந்தத் துண்டு வாங்கினார், எதை ஒற்றி வைத்தார், எப்போது மீட்டார், எதை எந்த மகளுக்குச் சீதனமாக எழுதினார் என்பதெல்லாம் அதில் திகதியோடு இருக்கும். "கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்" என்ற வரி இருந்தால் பங்குகாரர் யார் என்று தேடலாம். உறுதியின் வருசத்தை நாட்டு நடப்போடு வைத்துப் பாருங்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் வாங்கிய காணி என்றால் அது அநேகமாக மிளகாய், வெங்காயக் காசு. இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட, விலை விழுந்தது. ஒற்றி வைத்த உறுதி அதற்குப் பிந்தியதா என்று பாருங்கள். 1990களில் போர், பொருளாதாரத் தடை. எரிபொருளும் யூரியாவும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமமே பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தது. அன்றைக்கு நிலத்தில் என்ன பயிர் நின்றது என்று கேளுங்கள், வயதானவர்கள் சரியாகச் சொல்வார்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதியைப் பூட்டியபோது கொழும்புப் புறக்கோட்டைச் சந்தைக்கு லொறி ஏற்ற வழியில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதித் தடை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா. இத்தனைக்குள்ளும் யார் யாருடைய படிப்புச் செலவு போனது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். "பாசமிகு தந்தை" என்ற சொல்லுக்கு அப்போதுதான் எடை வரும்.

அதன்பிறகு அந்த ஒரு வரி இப்படி மாறலாம்: "இரண்டு பரப்புச் சொந்தக் காணியும் நாலு பரப்புக் குத்தகையுமாகத் தொடங்கி, பங்குக் கிணற்றில் செவ்வாயும் சனியும் இறைத்து, மூத்த மகளின் கலியாணத்துக்கு ஒற்றி வைத்த துண்டை ஏழு வருசத்தில் மீட்டார்." அழகான தமிழ் தேவையில்லை. கவிதை எழுதித் தருகிறோம் என்று வருபவர்களுக்கு ஒரு பக்கம் கொடுத்தால் போதும்.

அச்சு விசயத்தில் இரண்டு மூன்று எச்சரிக்கை. எழுத்து வேலை 18ஆம் நாளுக்குள் முடியவேண்டும். பக்கம் நாலின் மடங்காகத்தான் வரும், 16 பக்கம் என்றால் அதற்குள் திட்டமிடுங்கள். பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான், அது யூனிகோட் இல்லை. நீங்கள் போனில் தட்டிய யூனிகோட் மாறும்போது இடையில் உள்ள ஆங்கில எழுத்தெல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும், ஆகவே அச்சுப்பிரதியைக் கடதாசியில் எடுத்து வாசியுங்கள். படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மங்கும், கோப்பாக அனுப்புங்கள். மருமக்கள், சம்பந்திகள் பெயர்களையும் முதலெழுத்துகளையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள். ஒரு பெயர் விடுபட்டால் வருசக்கணக்கில் கதை பேச்சு இருக்காது.

அவரோடு ஒரே கிணற்றில் இறைத்தவர் யாராவது ஊரில் உயிரோடு இருந்தால் கொழும்பிலிருந்து போன் எடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். அந்த வயதில் போனில் காது கேட்காது, "ஓமோம்" என்று மட்டும் சொல்வார். இரவு பஸ் எடுத்துப் போங்கள். காலமை, வெயில் ஏறமுதல் போய், "மாமா, அப்பா துலா மிதிச்சவரோ, பட்டை பிடிச்சவரோ?" என்று கேளுங்கள்.