சாமந்திக் கஷாயம் கண்ணில் விடுவதற்கல்ல
"எந்தக் கண் சிவப்புக்கும் சாமந்தி, கோஜி (சிறிய சிவப்புச் சீனப் பழம்) கஷாயத்தை ஆறவைத்துக் கண்ணில் விடலாம், சீனர்களின் வழக்கம் அதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள். சீன மருத்துவம் எல்லாச் சிவப்பையும் ஒன்றாகப் பார்ப்பதே இல்லை. திடீரென வரும், அது 'காற்று வெப்பம்' என்று வகைப்படுத்தும் சிவப்புக்கு ஜூஹுவா எனும் சாமந்தியையும் முசுக்கொட்டை இலையையும் காய்ச்சிக் குடிக்கக் கொடுப்பார்கள். கோஜி நாள்பட்ட வறட்சிக்கும் மங்கிய பார்வைக்கும் உரியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடியதும்கூட. வீட்டில் காய்ச்சிய கஷாயம் கண்ணுக்குள் விடும் அளவுக்குக் கிருமியற்றதல்ல. கருவிழியில் சிறு கீறல் இருந்தாலே தொற்றுக்கு வழி திறந்துவிடும்; காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்களை நினைத்தால் பதறுகிறது. சிவப்புடன் வலி, ஒளிக்கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் கண் அழுத்த நோயாகவோ கருவிழிப் புண்ணாகவோ இருக்கலாம். அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.