மிசூரியின் ‘ஷோ மீ’ பெயருக்கு 2025 வரை சட்டம் எதுவும் இல்லை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்கு ‘ஷோ மீ ஸ்டேட்’ (‘எனக்குக் காட்டு’ மாநிலம்) என்ற செல்லப்பெயரைச் சட்டம் போட்டே சூட்டியிருக்கிறார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது 2025இல்தான் உண்மையானது. அதுவரை அந்தப் பெயரை மிசூரி சட்டமன்றம் அதிகாரப்பூர்வமாக ஏற்றதே இல்லை.

முன்பே சட்டம் இருந்தது என்ற குழப்பம் வண்டியின் நம்பர் பிளேட்டிலிருந்துதான் வந்தது. பல ஆண்டுகளாகப் பிளேட்டுகளில் அந்த வாசகம் அச்சாகி வந்தது. அரசே அச்சடித்தது என்றால் சட்டம் இருக்குமே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பிளேட்டில் இருப்பது வேறு, சட்டத்தில் இருப்பது வேறு.

பெயருக்குப் பல கதைகள் உண்டு. பிரபலமானது, வில்லார்ட் வேண்டிவர் என்ற எம்.பி. 1899இல் பிலடெல்பியா விருந்து ஒன்றில் பேசியது: வெறும் பேச்சால் என்னை நம்பவைக்க முடியாது, நான் மிசூரிக்காரன், காட்டினால்தான் நம்புவேன் என்றார்.

சரி, சட்டம் போட்ட மாநிலமே இல்லையா? பக்கத்து ஆர்கன்சா 1995இல் ‘இயற்கை மாநிலம்’ என்பதைச் சட்டமாக்கியது. மிசூரியும் சின்னங்களுக்குச் சட்டம் போடாத ஊரல்ல. கோன் ஐஸ்கிரீமை 2008இல் மாநில இனிப்பாக அறிவித்தது. எல்லோரும் சொல்லும் இந்தப் பெயருக்குத்தான் 2025 வரை போடவில்லை.